கப்பல் சுற்றுலாவுக்குக் குழந்தைகளின் கார் சீட்: எதைத் தூக்கிப் போகலாம், எதை வீட்டிலேயே விடலாம்

கப்பலில் ஏறிய பிறகு கார் சீட்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. நாலைந்து நாள் கட்டிலுக்கடியில் சும்மா கிடக்கும். அதற்காக வீட்டிலேயே விட்டுவிட்டும் போக முடியாது. கொங்குநாட்டில் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் கடல் வாசலில் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து கொச்சித் துறைமுகத்துக்கு நாலு, ஐந்து மணி நேரச் சாலை. சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு, ஈரோடோ கரூரோ தாராபுரமோ, பீளமேடு விமான நிலையம் வரை ஒரு கார். சாங்கியில் இறங்கித் துறைமுகம் வரை இன்னொரு கார். கப்பல் நிற்கும் ஊர்களில் வேன். ஆபத்தெல்லாம் இந்தச் சாலைத் துண்டுகளில்தான் இருக்கிறது. ஆகவே எந்தச் சீட் நல்லது என்பதை இந்தச் சாலைகளையும், இடையில் அதைச் சுமக்கப்போகும் கையையும் வைத்துத்தான் சொல்ல முடியும். கடையில் பளபளவென்று நிற்கும் சுழல் சீட் வீட்டுக் காருக்கு அருமையானது. இந்தப் பயணத்துக்கு அது பாரம்.

முதலில் மடி விஷயம். "எங்கிட்டக் குடுங்க, நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன்" என்று அப்பத்தாவோ அமுச்சியோ சொல்லாத வீடு கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. என்பது விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதி நிற்க 0.05 விநாடி ஆகிறது என்று வைத்தால், உடலின் எடை அந்தக் கணத்தில் ஏறத்தாழ 28 மடங்காகும். 10 கிலோ குழந்தை 280 கிலோ. நெல் மூட்டை தூக்குகிற கைக்கும் அது நிற்காது. அவினாசி ரோட்டிலும் என்.எச். 544-லும் கார்கள் 50-க்கு மேல்தான் ஓடுகின்றன, முன்னாலும் பின்னாலும் லாரியை வைத்துக்கொண்டு. சட்டமும் உண்டு: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம்.

வாளி சீட்

கைப்பிடியோடு வாளிபோல இருப்பது. பின்னோக்கி, அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி மட்டும் வைக்கலாம். பொதுவாக 13 கிலோ வரை. எடை மூன்றிலிருந்து ஐந்து கிலோ. நம் ஊர்க் கடைகளில் ஏறத்தாழ 4,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பெல்ட்டாலேயே கட்டலாம் என்பதால் எந்த டாக்ஸிக்கும் பொருந்தும். குறை சொல்ல அதிகமில்லை, ஆனால் கப்பலுக்கென்று புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் 6 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஏற்றுவதில்லை. தொடர்ந்து பல நாள் கரை தொடாமல் போகும் பயணங்களுக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதாவது கப்பல் ஏறும் குழந்தைக்கு ஏற்கெனவே ஏழெட்டுக் கிலோ இருக்கும். எடை 13 கிலோவைத் தொடுவதற்கு முன்பே குழந்தையின் தலை, சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டு விளிம்புக்கு வந்துவிடும். அப்போதே சீட்டின் ஆயுசு முடிந்தது. வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் இதற்குப் பணம் போட வேண்டாம்.

இதே வகையில் சக்கரம் உள்ளே மடங்கும் டூனா இருக்கிறது. காரிலிருந்து எடுத்துக் காலை இழுத்தால் தள்ளுவண்டி. விமான நிலையம், கப்பல் முனையம், கப்பலின் நீளமான நடைவழி எல்லாவற்றிலும் இதன் சொகுசுக்கு நிகரில்லை. ஐசோஃபிக்ஸ் (பெல்ட்டுக்குப் பதில் காரிலுள்ள கம்பிகளில் மாட்டும் முறை) அடித்தட்டு இல்லாமலே பெல்ட்டால் கட்டலாம். விமானத்திலும் வைக்கச் சான்று உண்டு. ஆனால் எடை ஏழு கிலோவுக்கு மேல், அகலம் 44 செ.மீ. அளவில். விமான இருக்கை பெரும்பாலும் 43 செ.மீ. சுற்றளவில்தான் இருக்கும் என்பதால் நடுவிலுள்ள கைப்பிடியைத் தூக்கினால்தான் உட்காரும். சாமான் வைக்கும் கூடையும் கிடையாது. விலையைப் பார்த்தால் ஒரு வருஷத்துக்குள் இரண்டு மூன்று விமானப் பயணம் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டுபடியாகும்.

இரண்டு பக்கமும் திருப்பும் இலேசான சீட்

இந்தப் பயணத்துக்கு நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்கு. ஒரு வயதிலிருந்து நாலு வயது வரையுள்ள பிள்ளைக்கு, பெல்ட்டால் கட்டுகிற, ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள் நிற்கிற, ஜோடனை குறைந்த மாடல். முதலில் பின்னோக்கி, பிறகு முன்னோக்கி. ஏறத்தாழ 8,000 முதல் 15,000 ரூபாய்க்குள் நல்ல சீட் கிடைக்கிறது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது துணியின் நிறம் இல்லை. ஓட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற வில்லை. வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் சான்று கொடுத்த நாட்டைக் குறிக்கும் (1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து, 11 என்றால் பிரிட்டன்). கீழே உள்ள சான்று எண் 04 என்று தொடங்கினால் அது கார் சீட்டுகளுக்கான ஐ.நா. விதி ஆர்44-இன் நாலாம் திருத்தம். புதிய விதி ஆர்129, ஐ-சைஸ் என்று எழுதியிருப்பது. அதில் எடைக்குப் பதில் உயரத்தை வைத்துச் சீட் தேர்வு செய்ய வேண்டும், 15 மாதம் வரை பின்னோக்கித்தான் வைக்க வேண்டும், பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு. இந்தியத் தரம் ஏ.ஐ.எஸ்.-072. இவற்றில் ஒன்றும் இல்லாமல் "பிரீமியம் சேஃப்டி" என்று மட்டும் அட்டையில் அடித்திருந்தால் அது நாற்காலி, கார் சீட் இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் விட்டுப்போன சீட் நம் பக்கம் நிறைய வீடுகளில் பரணில் இருக்கிறது. நல்ல பொருள்தான், ஆனால் இங்கே கட்டும்போது ஒரு சிக்கல் வரும். அமெரிக்கக் கார்களின் பின் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும் முறைக்கு மாறும். பிறகு உள்ளேதான் போகும், வெளியே வராது. அதை நம்பிச் செய்த சீட்டுகளில் பெல்ட்டைக் கவ்வும் தனிப் பூட்டு இல்லாமல் இருக்கும். நம் ஊர்க் கார்களிலும் சிங்கப்பூர்க் கார்களிலும் உள்ள பெல்ட் பொதுவாக அவசரப் பிரேக்கில் மட்டுமே பூட்டும் வகை. சீட் கட்டியதுபோலத் தெரியும்; இரண்டு வளைவு திரும்பினால் ஆடத் தொடங்கும். சீட்டோடு வந்த, ஆங்கில எழுத்து ஹெச் போன்ற இரும்புக் கொக்கி இருந்தால் அதைப் பெல்ட்டின் இரு பட்டைகளையும் சேர்த்து, பக்கிளில் செருகும் நாக்குக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். கொக்கி தொலைந்துபோயிருந்தால் அந்தச் சீட்டைப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம். அதோடு, ஓட்டில் பதித்த தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். மாடலுக்கு ஏற்ப ஆறிலிருந்து பத்து வருஷம் வரைதான் ஆயுசு. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் உள்ளே நொறுங்கும், வெளியே காட்டாது. ஏற்கெனவே விபத்தில் இருந்த சீட் என்றால் பேச்சே வேண்டாம்.

மடக்கும் சீட், பூஸ்டர்

மடக்கி முதுகுப் பையில் போடும் ஐந்து முனை வார் சீட்டில் வேப் பிகோ பேர்போனது. எடை 3.6 கிலோ, முன்னோக்கி மட்டும், சுமார் 10-லிருந்து 22.7 கிலோ வரை. கை ஓய்ந்துபோன பெற்றோருக்கு வரம் மாதிரி. ஆனால் அது அமெரிக்கத் தரத்தில் செய்தது. அங்கே கப்பல் ஏறுகிறவர்களுக்குச் சரி, ஐ.நா. விதியின் வில்லையைக் கேட்கும் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குச் சரிவராது. இரண்டு வயதுக்குக் கீழ் யோசிக்கவே வேண்டாம்.

பூஸ்டர் என்பது பிள்ளையை உயர்த்தி, காரின் பெல்ட்டைச் சரியான இடத்தில் விழ வைக்கும் பலகை. குறைந்தது நாலு வயது, 15 கிலோவுக்கு மேல், வழியில் தூங்கி ஒரு பக்கம் சாயாத பிள்ளை: மூன்றும் சேர்ந்தால்தான். முதுகுப் பலகை உள்ளது மேல். முதுகில்லாதது கைக்கு எளிது. 2017 முதல் புதிதாகச் சான்று பெறும் முதுகில்லாத பூஸ்டர்களை 125 செ.மீ.க்கும் 22 கிலோவுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஐ.நா. விதி சுருக்கிவிட்டது. பழைய சான்றில் வந்தவை 15 கிலோ என்று சொன்னாலும், அந்த 22-ஐயே அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

காற்றடிக்கும் பபிள்பம் அரைக் கிலோதான். மைஃபோல்ட் முக்கால் கிலோ, பாட்டுப் புத்தகம்போல மடங்கும். அது பிள்ளையை உயர்த்தாமல் பெல்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும். இரண்டும் கரை இறங்கும் நாளில் தோள்பையில் போட்டுக்கொள்ள அருமை. கொச்சி வரையிலான ஐந்து மணி நேரத்துக்கு இரண்டுமே சரியில்லை. பாலக்காட்டைத் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும், தலை தொங்கும், பெல்ட் கழுத்துக்கு ஏறும். எந்தப் பூஸ்டருக்கும் தோள் பட்டையோடு கூடிய மூன்று முனை பெல்ட் கட்டாயம். இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள இடத்தில் பூஸ்டர் போட்டால், மோதும்போது மேலுடம்பு முன்னால் மடங்கிவிடும், வயிற்றுக்குத்தான் அடி.

கிளம்புவதற்கு முன் டிராவல்ஸில் கேட்க வேண்டியவை

சீட் நல்லதாக இருந்தும் பயணம் கெடுவது பெரும்பாலும் வாடகைக் காரில்தான். பின்சீட் உறை போடும்போது பக்கிளை அடியில் தள்ளிவிட்டிருப்பார்கள். பெல்ட் டிக்கிப் பக்கம் விழுந்து கிடக்கும். சில வண்டிகளில் அலாரம் அடிக்காமல் இருக்கப் போலி நாக்கைச் செருகியிருப்பார்கள். அதை 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களின் விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னது, ஆனாலும் பழையவை இன்னும் ஓடுகின்றன. ஆகவே முதல் நாளே டிரைவருக்குப் போன் போட்டு, "அண்ணா, பின்சீட் பெல்ட்டும் பக்கிளும் வெளிய இருக்குதுங்களா? ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிச்சு உடுங்க" என்று கேட்டுவிடுவது காலை நாலு மணிக்கு வாசலில் நின்று உறையைக் கழற்றுவதைவிடச் சுலபம்.

படத்தில் பார்க்க வேண்டியது: ஓரச் சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, நடுச் சீட்டில் இடுப்புப் பட்டை மட்டும்தானா, பக்கிளின் தண்டு எவ்வளவு நீளம். தண்டு நீளமாக இருந்தால் பக்கிள் சீட்டின் விளிம்பில் மடங்கி நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. அப்போது மறுபக்க ஓரத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் என்பது சீட்டும் முதுகும் சேரும் இடுக்கில் இருக்கும் இரண்டு 6 மி.மீ. கம்பிகள், 280 மி.மீ. இடைவெளியில். கம்பி இருந்தாலும் உறை மூடியிருந்தால் பயனில்லை. இந்தப் பயணத்தில் குறைந்தது மூன்று வெவ்வேறு கார்களில் ஏறப்போவதால், ஐசோஃபிக்ஸ் மட்டுமே ஏற்கும் சீட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டெம்போ டிராவலரில் பெரும்பாலும் இடுப்புப் பட்டைதான், சிலவற்றில் அதுவும் இல்லை. இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் ஒரே வேனுக்குப் பதில் இரண்டு கார். சில பழைய ஜீப் வகை வண்டிகளில் கடைசியில் எதிரெதிராகப் போட்டிருக்கும் பலகையில் எந்தக் கார் சீட்டும் கட்டக் கூடாது.

கட்டும் விதம்

வாளி சீட்டில் நீல நிற வழிகாட்டிகள் இருக்கும். ஆர்44 சீட்டுகளில் பின்னோக்கி வைப்பதற்கு நீலம், முன்னோக்கி வைப்பதற்குச் சிவப்பு. இடுப்புப் பட்டை குழந்தையின் கால் பக்கம் இரண்டு நீலக் கொக்கிகளிலும், தோள் பட்டை ஓட்டின் முதுகைச் சுற்றி அங்குள்ள கொக்கியிலும் போக வேண்டும். இதைத் தலைகீழாக மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. முன் சீட்டில், செயல்படும் ஏர்பேக்குக்கு எதிரில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை ஓட்டின் முதுகில் அறைந்து தலையைத் தாக்கும்.

திருப்பும் சீட்டை முன்னோக்கிக் கட்டும்போது, சிவப்பு வழியில் பெல்ட்டை விட்டு மாட்டி, சீட்டுக்குள் ஒரு முழங்காலை ஊன்றி உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். முதலில் இடுப்புப் பட்டையின் தளர்வைத் தோள் பக்கம் இழுத்து, பிறகு தோள் பட்டையை இறுக்கி, சீட்டிலுள்ள பூட்டைப் போடுங்கள். பெல்ட் போகும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் அசைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளப்பது பெல்ட் வழியில்தான். சீட்டின் உச்சியிலிருந்து பின்னால் போகும் மேல்பட்டையும், காரில் அதற்கான கொக்கியும் இருந்தால் அதையும் மாட்டுங்கள். அடியில் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டுச் சீட் கறை படாமல் காக்கிறவர்கள் உண்டு. அந்த மடிப்பு மோதலில் அமுங்கி, கட்டு முழுதும் தளர்ந்துபோகும். மெல்லிய துண்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதையும் சீட்டின் கையேடு ஒத்துக்கொண்டால் மட்டும்.

குழந்தையின் வார் பின்னோக்கிய சீட்டில் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ வெளிவர வேண்டும்; முன்னோக்கியதில் தோளுக்கு நேராகவோ சற்று மேலேயோ. பூட்டிய பிறகு தோள்பக்க வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். ஏ.சி. குளிருக்கு ஊட்டி ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் பூட்டினால், மோதலில் ஸ்வெட்டர் அமுங்கி வார் தொளதொளக்கும். முதலில் வார், அதன்மேல் போர்வை. தலை ஆடும் சிறு குழந்தைக்கு ஈரோட்டுத் துண்டைச் சுருட்டி இரு பக்கமும் வைக்கலாம். முதுகுக்குப் பின்னாலும் பிட்டத்துக்கு அடியிலும் எதுவும் வைக்கக் கூடாது.

சித்திரை, வைகாசியில் வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு தோலைச் சுடும். இறங்கும்போதே சீட்டின்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டுப் போங்கள்; ஏற்றுவதற்கு முன் பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

கொச்சி வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைச் சீட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஒருமுறை பாலக்காடு தாண்டி, இன்னொருமுறை திருச்சூர்ப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் பால், டயபர் எல்லாம் அதிலேயே முடியும். அழுகிறதே என்று ஓடும் வண்டியில் வாரைக் கழற்றுவதைவிட ஓரம்கட்டி நிறுத்துவது ஐந்து நிமிஷ வேலை.

விமானத்தில்

இரண்டு வயதுக்குக் கீழ் மடியில் வைத்துப் போகலாம் என்பதால் பெரும்பாலோர் தனி இருக்கை வாங்குவதில்லை. வாங்கினால் சீட்டை ஜன்னலோரம் வைக்கச் சொல்வார்கள். அவசர வழி வரிசையில் விடமாட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போதே நிறுவனத்துக்குச் சீட்டின் மாடல், அகலம், விமானத்துக்கான சான்று மூன்றையும் எழுதி, சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது விமானப் படியில் நிற்காது. அமெரிக்கத் தரச் சீட் என்றால், காரிலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்ற சிவப்பு வரி ஓட்டில் இருக்கும். பூஸ்டரை விமான இருக்கையில் போட முடியாது. அங்கே தோள் பட்டை இல்லையே.

கார் சீட்டை எடுக்காமல் போகிறவர்களுக்குக் கேர்ஸ் என்ற வார் இருக்கிறது: 10-லிருந்து 20 கிலோ, ஒரு மீட்டர் உயரத்துக்குள் உள்ள பிள்ளைக்கு. விமான இருக்கையின் முதுகைச் சுற்றி மாட்டுவது, அரைக் கிலோகூட இருக்காது. விமானத்துக்கு மட்டும், இறங்கியதும் டாக்ஸியில் அதை மாட்டப் பார்ப்பது வீண் வேலை, ஆபத்தும்கூட.

லக்கேஜில் போடுகிறவர்கள் சீட்டை வெறும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அனுப்ப வேண்டாம். வாங்கிய அட்டைப் பெட்டி இருந்தால் அதுவே நல்ல உறை. இல்லையென்றால் பஞ்சு வைத்த பை. இடைவெளியில் டயபர் பாக்கெட்டை அடைத்துவிட்டால் எடையும் பிரியும், தெர்மாகோல் நுரைக்கும் மெத்தை. சாங்கியில் பெட்டி வரும் பட்டைக்குப் பக்கத்திலேயே பிரித்துப் பாருங்கள்: துணியைத் தூக்கி நுரையில் விரிசல் உண்டா, வாரை இறுக்கும் பொத்தான் சிக்குகிறதா, பக்கிள் 'டக்' என்று பூட்டுகிறதா. சேதம் இருந்தால் வெளியே போவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேஜையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சிறு உதிரிகளையும் கையேட்டையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

சிங்கப்பூரிலும் கப்பலிலும்

சிங்கப்பூர் விதிப்படி 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குப் பொருத்தமான இருக்கையோ பூஸ்டரோ வேண்டும். தெருவில் கை காட்டி ஏறும் டாக்ஸிக்கு விலக்கு உண்டு. கிராப் போன்ற செயலியில் வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. அதற்காகவே அந்தச் செயலியில் குழந்தை இருக்கையோடு வரும் வண்டி தனியாக இருக்கிறது. விலை கூடுதல், காத்திருக்கவும் வேண்டும். விலக்கு அபராதத்துக்குத்தான், டாக்ஸியில் ஏறினாலும் சீட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். புக் செய்யும் முன் கப்பல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: மரினா பே முனையமும் ஹார்பர்ஃபிரண்ட் முனையமும் வேறு வேறு. தப்பான முனையத்தில் இறங்கினால் கட்டிய சீட்டைக் கழற்றி மறுபடி கட்ட வேண்டியதுதான்.

முனையத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அவை வந்து சேரச் சில மணி நேரமாகும். கார் சீட்டையும் அறை எண் அட்டை கட்டிக் கொடுத்துவிடலாம், அதுவரை அதற்கு வேலையில்லை. அறையில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். உயரமான சீட் என்றால் அலமாரியின் அடித்தட்டில். பால்கனியில் வைத்தால் உப்புக்காற்றில் பக்கிளின் சுருள்கம்பி துருப்பிடிக்கும்.

அதைவிட முக்கியமானது, அறையில் இடமில்லை என்று குழந்தையை வாளி சீட்டிலேயே தூங்க வைப்பது. தரையில் வைத்த சீட்டின் சாய்வு காரில் கட்டிய சாய்வு போல இருக்காது. தலை மார்பில் கவிழ்ந்து மூச்சுக்குழல் மடங்கும். சிறு குழந்தைகள் இப்படிச் சத்தமில்லாமல் இறந்திருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே குழந்தைக் கட்டில் கேளுங்கள், பெரும்பாலான கப்பல்களில் காசில்லாமல் கொடுப்பார்கள். கடைசி நேரத்தில் கேட்டால் தீர்ந்துபோயிருக்கலாம்.

கரை இறங்கும் நாளில் எல்லா ஊருக்கும் சீட் வேண்டியதில்லை. பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுனை ஒட்டியே இருக்கிறது. நடந்தே சுற்றலாம், சீட்டை அறையிலேயே விடுங்கள். போர்ட் கிள்ளானில் இறங்கிக் கோலாலம்பூர் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலை. கட்டாயம் எடுக்க வேண்டும். புக்கெட்டில் பல கப்பல்கள் பதாங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கும். ஏழு கிலோ சீட்டை ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஆடும் படகில் ஏறுவது நல்லதில்லை. பெரிய பிள்ளைக்கு மடக்கும் பூஸ்டர், சின்னதற்குக் கரையோடு முடியும் திட்டம். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் பேருந்துச் சுற்றுலாவில் இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும் என்று எண்ணியே போங்கள். சென்னையிலிருந்து கப்பலில் திருகோணமலை, காங்கேசன்துறை போகிறவர்களுக்கும் இதே கணக்கு: முன்கூட்டியே காரை அமர்த்தி, பெல்ட்டின் படத்தைக் கேட்டு வாங்கினால் சீட்டை எடுங்கள், இறங்கிய இடத்தில் ஆட்டோ பிடிப்பதென்றால் அதைச் சுமந்து பயனில்லை.

வீடு திரும்பியதும் துணி உறையைக் கழற்றித் துவைக்கலாம். வாரை மட்டும் ஊற வைக்கவோ மெஷினில் போடவோ சோப்புத்தூள் தேய்க்கவோ கூடாது, இழையின் வலு போய்விடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். கடல்மணல் பக்கிளுக்குள் போயிருந்தால் சத்தம் மாறும், நாக்கு முழுதாக இறங்காது. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, கையேடு அனுமதித்தால் வெறும் தண்ணீரில் அலசுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. எண்ணெயில் மறுபடி தூசி ஒட்டிப் பக்கிள் பாதியிலேயே நின்றுவிடும்.